அவரைச் சாப்பிடச் சொல்லுங்க

பசி வந்துவிட்டால் எங்கள் பெரியத்தான் முன்னால் யாரும் நிற்கக்கூடாது. அக்காவைக் கட்டிக்கொடுத்த அன்றைக்கே எங்களுக்கு அது தெரிந்துபோனது. அவர் மாப்பிள்ளைக்கு ஒரே அண்ணன். பந்தியில் கறிக்குழம்பு வர நேரமாகிறது என்று எழுந்து போனவர், சமையல்காரர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி அவர் முதுகிலேயே போட்டார். குழம்பு அண்டா சாய்ந்து பாதி மண்ணில் ஓடியது. நாலு பேர் சேர்ந்து இழுத்துவந்து உட்கார வைத்தார்கள். அப்புறம் ஒன்றுமே நடக்காதது மாதிரி குனிந்த தலை நிமிராமல் தின்று முடித்து, அதே சமையல்காரரைக் கூப்பிட்டு, "கொழம்பு பிரமாதம்யா" என்றார்.

"இதென்ன மனுசனா, எருமையா?" என்று நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். காதில் விழுந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் அவருக்கும் பேச்சு ஆரம்பித்ததே அப்படித்தான்.

கை என்றால் அது கை. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய மாட்டை ஒரே குத்தில் மண்டி போட வைத்த கை. பூதலூர் ஸ்டாண்டில் ஒரு கர்ப்பிணி ஏறுவதற்குள் விசில் ஊதிய கண்டக்டரைப் பெரியத்தான் விட்ட அறையில், அந்த ஆள் ஒரு வாரம் காதைப் பொத்திக்கொண்டு திரிந்தாராம். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது என்று சொந்த வீட்டுக் கதவையே பிளந்திருக்கிறார். இந்தக் கைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கல்யாணமே ஆகவில்லை. கேட்டால், "அடிக்கிறதுக்குன்னு வீட்டுல ஒருத்திய வேற வச்சிக்கணுமா? அதான் ஊரே கெடக்குல்ல" என்பார். தம்பி வீட்டிலேயே இருந்தார். எங்கள் அக்காதான் அவருக்கும் சேர்த்துப் பொங்கிப் போட்டாள். அந்தக் கை அக்கா பக்கமும் அவள் குழந்தை பக்கமும் ஒரு நாளும் ஓங்கியதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

அவர் தம்பி, எங்கள் அத்தான், நேர் எதிர். நாயைக்கூட 'போ' என்றுதான் விரட்டுவார், கல் எடுக்க மாட்டார். அப்படிப்பட்ட மனுசனைத்தான் அவன் அடித்துக் கொன்றான்.

அவன் என்றால் பக்கத்து வயல்காரன். எங்கள் பங்குக் கோயிலில் எங்களோடு உட்கார்ந்து பூசை பார்க்கிறவன்தான். சம்பா அறுப்பு. கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது. ஊரில் இருப்பது ஒரே ஒரு அறுப்பு மெஷின். அத்தான் முதலில் சொல்லிவைத்தது, வரப்பு வரைக்கும் வந்துவிட்டது. அவன் குறுக்கே நின்று, என் வயல் பள்ளம், தண்ணி நின்னா நெல்லு மொளச்சிடும், எனக்குத்தான் முதலில் இறக்கணும் என்றான். அத்தான் மெஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "நான் சொல்லி வச்சதுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றாராம். அவன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து மண்டையில் ஓங்கிப் போட்டான். மெஷின் ஓட்டுகிற வடக்கத்திப் பையன் குதித்து ஓடிவிட்டான். மெஷின் பாட்டுக்கு உறுமிக்கொண்டே நின்றது.

பெரியத்தான் எங்கே? வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பசிக்குது, ரெண்டு வாய் போட்டுட்டு வந்துடறேன் என்று தம்பியை வயலில் விட்டுவிட்டு வந்தவர். கூப்பாடு கேட்டு எச்சில் கையோடு ஓடினார். அந்தக் கையாலேயே தம்பியைத் தூக்கினார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. நான் போய்ப் பார்த்தபோது வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் ரத்தமும் குழம்புச் சோறும் சேர்ந்து காய்ந்திருந்தது. கழுவச் சொன்னேன். கழுவவில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

மண்ணடக்கம் முடிந்த அடுத்த வெள்ளியிலிருந்து பெரியத்தான் சாப்பிடுவதை நிறுத்தினார். வெள்ளி ஒரு நாள். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை பச்சைத் தண்ணீர் மட்டும். எங்கள் வேதக்காரர்களுக்கு, கிறிஸ்தவர்களுக்கு, ஒருசந்தி என்கிற உபவாசம் புதிதில்லை. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலத்தில் எல்லாரும் இருப்பதுதான். எப்படி இருப்போம்? வெள்ளிக்கிழமை கறி கூடாது என்பதால் நாகப்பட்டினத்திலிருந்து வருகிற இறாலையும் நண்டையும் வாங்கிப் பொரித்துத் தின்போம். மீன்காரம்மாவுக்கு வருசத்தில் அதுதான் நல்ல வியாபாரம். பெரியத்தான் இருந்தது அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் போய், தம்பி விழுந்த அதே வரப்பில், அவன் வயலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்துகொள்வார். யாரோடும் பேச்சில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். மழையோ வெயிலோ, இடத்தை விட்டு நகர மாட்டார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். பழி வாங்க நேர்ந்துகொண்டவன் தாடி எடுக்க மாட்டான், அல்லது சோற்றைக் குறைப்பான். பூதலூர் ரயிலடிப் பக்கம் எங்கள் உரக்கடை. யூரியா வாங்க வருகிறவன் எல்லாம் இதைத்தான் பேசினான். "ஒங்க பெரியத்தான் ஒருசந்தி இருக்காராமே?" என்பான், கண்ணைச் சிமிட்டுவான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். ஆமாம், சந்தோசமாக இருந்தது. எங்கள் அக்கா வெறுங்கழுத்தோடு நிற்பதைப் பார்த்தவளுக்குத்தான் அந்தச் சந்தோசம் புரியும்.

அவன் சில மாதத்தில் ஜாமீனில் வந்தான். வந்தவன் முதல் வெள்ளிக்கிழமையே வரப்பில் பெரியத்தானைப் பார்த்தான். அதோடு ஆள் ஆட்டம் கண்டுவிட்டான். வீட்டு வாசலில் கேமரா மாட்டினான். துணைக்கு ஆளில்லாமல் வயலுக்கு வர மாட்டான். வயலை வேறு யாருக்காவது குத்தகைக்கு விடலாம் என்று பார்த்தான், எடுக்க ஆளில்லை. கேஸ் ஒரு பக்கம் தஞ்சாவூர் கோர்ட்டில் இழுத்துக்கொண்டே போனது. அடுத்த வருசம் தபசுகாலம் தொடங்கியதும், இயேசு பாடுபட்ட பெரிய வெள்ளிக்கு நாள் குறித்துவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று தெரியாது. நான் இல்லை. ஆனால் கேட்டவர்களிடம் நான் மறுக்கவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அவன் பெண்டாட்டி கடைக்கு வந்தாள். உளுந்துக்குப் புழு மருந்து வாங்க வந்தவள் மாதிரி நின்றாள். கூட்டம் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி, அப்புறம் கிட்டே வந்தாள்.

"அக்கா, ஒங்க பெரியத்தான சாப்புடச் சொல்லுங்கக்கா."

"என்னது?"

"வெள்ளிக்கிழம ஒரு வாய், ஒரே ஒரு வாய் சாப்புடச் சொல்லுங்க. அவரு அங்க வந்து உக்காந்தா இவருக்கு இங்க சோறு எறங்க மாட்டேங்குது. தட்டுல கைய வச்சிக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டிருக்காரு. தூக்கமும் இல்ல. எலும்பா போயிட்டாருக்கா. ஒங்க கால்ல வேணா விழறேன்."

"சாப்புடுவாரு. உம் புருசன் மேல மண்ணு விழற அன்னைக்கு எங்க பெரியத்தான் வயிறாரச் சாப்புடுவாரு. போடீ" என்றேன்.

அவள் மருந்து வாங்காமலேயே போனாள். நான் சொன்னது தப்பென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவள் புருசனுக்கு ஒரு வருசம் சோறு இறங்கவில்லை. எங்கள் அத்தானுக்கு இனி ஒருபோதும் இறங்காது.

ஆனால் அவள் வந்துபோனதில் எனக்குப் பரபரப்பு தாங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். நல்ல வெயில். உளுந்து பூத்திருந்தது. பெரியத்தான் வரப்பில் சம்மணம் போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் போய் நின்றதும் நிறுத்தினார்.

"எப்ப பெரியத்தான்?"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஊரே எண்ணிக்கிட்டிருக்கு."

அவன் வயல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் சொன்னார்: "மொதல்ல நீ நெனைக்கிறதுதான் புள்ள. அதுக்குத்தான் ஆரம்பிச்சேன். துண்டுக்குள்ள அருவாள வச்சிக்கிட்டு, கோயில்ல சிலுவையில தொங்குற பாடுபட்ட சுரூபத்து முன்னாடி நின்னு, அவன முடிக்கிற வரைக்கும் வெள்ளிக்கிழம தண்ணிதான்னு நேந்துக்கிட்டேன்."

"அப்புறம்?"

"பசிச்சிது."

"பசிக்காம பின்ன?" எனக்கு எரிச்சல் வந்தது.

"கேளு. காலையில சோறு கேக்கும். மத்தியானம் வரைக்கும் சோறு சோறுன்னு உள்ள கெடந்து அடிச்சிக்கும். அதுக்குப் போடலன்னு வச்சிக்க, பொழுது எறங்குனதுக்கு அப்புறம் சோறு கேக்காது. அவன் கழுத்தக் கேக்கும். இந்தக் கை ரெண்டும் கேக்கும். அப்பத்தான் எனக்கே வெளங்குச்சி. சின்னதுலேருந்து நான் யார் யாரையோ அடிச்சனே, அதெல்லாம் கோவம்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். கோவமில்ல புள்ள. பசி. அடிச்சா ஒடனே வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்துல மறுபடி பசிக்கும்."

அவர் நிறுத்தாமல் தொடர்ந்தார்.

"சோத்துக்குப் போடாம இருக்கறது ஒண்ணும் பெரிய காரியமில்ல. அந்த ரெண்டாவது பசி வருது பாரு, அதுக்கும் போடாம உக்காந்திருக்கணும். அதான் ஒருசந்தி. மத்ததெல்லாம் வெறும் பட்டினி."

"அதுக்கு வீட்டுல உக்கார வேண்டியதுதான? கோயில்ல உக்கார வேண்டியதுதான?"

"அங்கெல்லாம் உக்காந்தா அந்தப் பசி வராது. இங்க வந்தாத்தான் வரும்."

"வாய் முணுமுணுக்குதே, செபமா?"

"எனக்கு எந்தச் செபம் தெரியும்? அவன் பேரத்தான் சொல்றேன். சொல்லும்போதே பல்லு நெறிபடும். மறுபடி சொல்லுவேன். பல்லு நெறிபடாம ஒரே ஒரு தடவ அவன் பேரு வந்துட்டா அன்னைக்குச் செபம் முடிஞ்சிது, எந்திரிச்சிப் போயிடுவேன். சில நாளு பொழுது சாஞ்சும் வராது."

"எங்க அத்தான் பேரச் சொல்ல மாட்டீங்களா?"

அவர் முகம் கோணிக்கொண்டது. "தம்பி பேரச் சொன்னா அருவாள எடுத்துருவேன் புள்ள. அதான் சொல்றதில்ல" என்றார். தொடைக்கடியில் இருந்த கைகளை இன்னும் அழுத்திக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து அவர் மேல் வீசினேன். நெற்றியில் பட்டு உதிர்ந்தது. "தூ! நீங்கல்லாம் ஒரு ஆம்பள!" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். பின்னாலிருந்து, "யார்ட்டயும் சொல்லாத புள்ள. சொன்னா வேசமாயிடும்" என்றார்.

அக்காவிடம் மட்டும் கொட்டிவிட்டேன். அவளும் என்னோடு சேர்ந்து கொதிப்பாள் என்று பார்த்தால், முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தாள். "அவரும் வெட்டிப்புட்டு ஜெயிலுக்குப் போயிட்டா எனக்கும் எம் புள்ளைக்கும் யாருடி இருக்கா? நீ வந்து உழுவியா? நான் அந்த வெள்ளிக்கிழமைய நம்பித்தான் உசுரோட இருக்கேன். அதுல போய் வாய வைக்காத." அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, பயப்படாதே, அவர் வெட்ட மாட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரியத்தான் தடுக்காவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். பயந்து சாகட்டும் என்றுதான் இருந்தேன்.

பெரிய வெள்ளி வந்தது. கோயிலில் சிலுவையை முத்தம் வைத்து முத்தி செய்து முடித்ததும் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினார்கள். பெரியத்தான் கோயிலுக்கு வரவில்லை, வரப்பில்தான் இருந்தார். அக்கா ஒரு தூக்கில் கஞ்சி வாங்கி என்னிடம் கொடுத்து, "போய்க் குடுத்துட்டு வா. சண்ட போடாத" என்றாள். உளுந்து பறித்துவிட்ட வயல் வெறிச்சென்று கிடந்தது. போர் செட் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன்.

பெரியத்தான் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது எதிர் வரப்பில் அவன் வந்துகொண்டிருந்தான். தனியாக வந்தான். சட்டை தோளில் தொங்கியது, அவ்வளவு இளைத்திருந்தான். கையில் அருவாள்.

"இன்னைக்குத்தான? இன்னைக்குத்தானடா நாள் குறிச்ச?" என்று கத்திக்கொண்டே வந்தான். குரல் ஆண் குரல் மாதிரியே இல்லை. "எத்தன வெள்ளிக்கிழமடா என்னையக் கொல்லுவ? எந்திரிடா! முடிடா!"

பெரியத்தான் கையைத் தொடைக்கடியிலிருந்து உருவுவதற்குள் முதல் வெட்டு விழுந்தது. இடது தோளுக்குக் கீழே. விறகு பிளக்கிற சத்தம்தான் கேட்டது. இரண்டாவது முழங்கைக்குக் கீழே. ரத்தம் என் சேலையில் வந்து அடித்தது. மூன்றாவதுக்கு அவன் ஓங்கியபோது பெரியத்தான் எழுந்துவிட்டார். வலது கையால் அவன் கழுத்தைப் பிடித்தார். அருவாள் தானாக விழுந்தது. அப்படியே இழுத்துக்கொண்டு போய் போர் செட் தொட்டியில் அவன் தலையை முக்கினார்.

கால் உதைத்தது. தொட்டித் தண்ணீர் பெரியத்தான் ரத்தத்தில் சிவந்துகொண்டு வந்தது. "விடாதீங்க பெரியத்தான்! அழுத்துங்க! அழுத்துங்க!" என்று கத்தினேன். கத்தியது நான்தான். என் தொண்டை அன்றைக்குக் கிழிந்தது.

அவர் தலையை வெளியே தூக்கினார். அவன் மூச்சுக்குத் தவித்து அலறினான். பெரியத்தான் அவன் முகத்துக்கு நேராக அவன் பேரைச் சொன்னார். பல் நெறிபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி முக்கினார். மறுபடி தூக்கினார். பேரைச் சொன்னார். பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. இன்னொரு தடவை முக்கப் போனவர், பாதியில் நின்றார். அப்புறம் சோற்றுக்குக் கூப்பிடுகிற மாதிரி, சாதாரணமாக, அவன் பேரைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கையை விரித்தார். அவன் தொட்டியடியில் சுருண்டு விழுந்து இருமினான்.

எனக்கு அடங்கவில்லை. கையிலிருந்த தூக்கால் அவன் மண்டையில் ஓங்கிப் போட்டேன். மூடி பறந்து கஞ்சி அவன் மேலெல்லாம் வழிந்தது. இன்னொன்று போட ஓங்கினேன்.

"போதும் புள்ள."

"ஒங்களுக்குப் போதும்! எனக்குப் போதாது!"

"தெரியும். குடு அத." ரத்தம் சொட்டச் சொட்ட வலது கையை நீட்டித் தூக்கை வாங்கினார். உள்ளே பார்த்தார். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தரையில் உட்கார்ந்து அதை அவன் வாய்க்கு நேராக நீட்டினார். "குடிடா. நீயும் ஒரு வருசமா ஒண்ணும் திங்கலயாமே. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், குடி" என்றார்.

அவன் குடித்தான். பாதி வாயிலும் பாதி நெஞ்சிலுமாகக் குடித்தான். குடித்துவிட்டு அழுதான். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கஞ்சியில் விஷம் இருக்கக்கூடாதா என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

பெரியத்தானின் இடது கை தப்பியது, ஆனால் அதற்கப்புறம் அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது. போலீசிலும் கோர்ட்டிலும் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அவன் வெட்டியதையும் சொன்னார், தான் தண்ணீரில் முக்கியதையும் சொன்னார். வக்கீல் முக்கியதைச் சொல்ல வேண்டாம் என்றாராம். "அத மறைச்சா நான் ஒருசந்தி இருந்தது எதுக்கு?" என்றாராம். அவனுக்கு ஜெயில் கிடைத்தது. பெரியத்தான் ஒற்றைக் கையால் அக்கா வயலைப் பார்த்தார், குழந்தையைப் படிக்க வைத்தார், வெள்ளிக்கிழமை வரப்பில் உட்காருவதையும் விடவில்லை. மற்ற நாளில் சாப்பாடு அதே பழைய சாப்பாடுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாம்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர் போனதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நான் ஒருசந்தி இருக்கிறேன். பக்தி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவன் தண்டனை முடிந்து வந்துவிட்டான், அதுதான் காரணம். உரக்கடைக்கு எதிரே டீக்கடையில் வந்து உட்காருகிறான். கல்லாவில் இருந்து பார்த்தால் அவன் பின்கழுத்து தெரிகிறது. காலையில் சோறு கேட்கிறது. சாயங்காலம், பெரியத்தான் சொன்ன மாதிரியே, அந்தக் கழுத்தைக் கேட்கிறது. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பேரைச் சொல்லிப் பார்க்கிறேன். இதுவரை ஒரு நாளும் பல் நெறிபடாமல் வரவில்லை. இங்கேயும் அந்தப் பேரை எழுத எனக்குக் கை வரவில்லை.

போன வாரம் அவன் பெண்டாட்டி கடைக்கு வந்தாள். தலை நரைத்துவிட்டது. மருந்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"அக்கா, வெள்ளிக்கிழம நீங்களும் சாப்புடறதில்லன்னு சொல்றாங்க."

"ஆமா."

அவள் மருந்துப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, என்ன செய்ய.

"பயப்படாத. அவனக் கொல்றதுக்கு இல்ல. கொல்லாம இருக்கறதுக்குத்தான்" என்றேன்.

"நெசமாவா அக்கா?"

"இந்த வாரம் வரைக்கும் நெசம். நீ போ, போயி அவனுக்குச் சோறு போடு."